பரிசீலனையில் இருந்த பிள்ளை

தவமலர் தன் கல்யாணப் பதிவையும், பிறப்புப் பத்திரத்தையும், நாலு புகைப்படங்களையும், வயிற்றில் மூன்றரை மாதப் பிள்ளையையும் எடுத்துக்கொண்டு கோலாலம்பூரில் இருந்த ஒரு வடதேசத்துத் தூதரகத்தின் மூன்றாம் சன்னலுக்கு முன்னால் போய் நின்றது தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, ஒரு மஞ்சள் துண்டில் 'பரிசீலனையில்' என்று முத்திரை குத்தி, துவாரத்தின் வழியாக வெளியே தள்ளினார். அவள் அதைக் கையில் வாங்கினாள். அந்த நிமிஷத்தோடு அவளுடைய உடம்பில் நாள் நடப்பது நின்றுபோயிற்று.

அவளுக்கு மட்டும் வந்ததல்ல அது. அந்தச் சன்னலில் கடதாசி கொடுத்த எல்லோருக்கும் அப்படித்தான், முடிவு வரும்வரை உடம்பு கொடுத்த நாளிலேயே நிற்கும். அதைத் தூதரகத்துக்காரர்கள் எங்கேயும் எழுதிப் போடவில்லை, யாரும் போய்க் கேட்கவும் இல்லை. வரிசையில் நிற்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், வெயிலுக்குக் குடை கொண்டுவா, பேனை கொண்டுவா, காய்ச்சலோடு வந்து ஃபைல் கொடுத்துவிடாதே என்று. சபாநாதன் என்ற மட்டக்களப்புக்காரர் இதெல்லாம் தெரியாமல் பல்வலியோடு கொடுத்துவிட்டார், பிறகு அந்த நகரத்திலேயே செந்தூல் பகுதியில் ஒரு சீன வைத்தியரிடம் அந்தப் பல்லைப் பிடுங்கிப் போட்டபின்னும் வலி போகவில்லை, பதினோரு வருஷமாகக் கன்னத்தைப் பொத்தியபடிதான் கதைப்பார். கொடுக்கப் போன காலையில் சட்டைக்கு இஸ்திரி போடாததற்காகச் சண்டை பிடித்துக்கொண்ட ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒன்பது வருஷம் ஒரே அறையில் முகம் பார்க்காமல் இருந்தார்கள், அவர்களுக்கு இரண்டு பக்கத்துக் கதையையும் கொண்டுபோய்க் கொடுப்பது அடுத்த அறைக்காரர்களின் வேலையாயிற்று.

தவமலர் கரவெட்டிக்காரி. இருபத்தேழு வயது. மாப்பிள்ளை ஞானசேகரம் அந்த வடதேசத்தில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், முப்பத்துமூன்று வயது, அகதியாகப் போனவன் என்பதால் இலங்கைக்கு அவன் திரும்ப முடியாது, அவளாலும் அங்கே போக முடியாது. ஆகவே இரண்டு வீட்டாரும் நடுவில் ஒரு நாட்டைப் பார்த்துக் கோலாலம்பூரில் ஒரு முருகன் கோயிலில் தாலி கட்டிவைத்தார்கள். அவன் பத்தொன்பது நாள் இருந்தான். கடைசி நாளில் விமான நிலையத்தில் அவளுடைய கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அங்கை இப்பிடித்தான் கையை வைச்சிருக்கோணும், குளிர். பழகிக்கொள்ளும்" என்றான். ஆறு மாதத்தில் விசா வந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவளுடைய பிறப்புப் பத்திரம் கொழும்பிலிருந்து வந்துசேர மூன்று மாதம் பிந்தியது, பிந்தியதனால்தான் பிள்ளையோடு போய் அந்தச் சன்னலில் நிற்கவேண்டி வந்தது.

அவள் தங்கியிருந்தது செந்தூலில் இந்திராணி மிஸ்ஸியின் வீட்டில். மிஸ்ஸி அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸ், அந்த ஊரில் நர்ஸ்களை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, மேலும் கீழுமாக ஏழு அறைகளை விசாவுக்குக் காத்திருப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். ஐந்து வாரம் கழித்து அவள்தான் தவமலரைக் கட்டிலில் படுக்கவைத்து, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சின்ன மெஷினை வயிற்றில் வைத்துக் கேட்டாள்.

"பிள்ள நல்லா இருக்கும்மா. நெஞ்சு அடிக்குது, நீயே கேளு. ஆனா போன மாசம் எவ்வளவு இருந்திச்சோ அவ்வளவுதான் இருக்கு."

"அப்ப எப்ப பிறக்கும் மிஸ்ஸி?"

"அதை நீ மூணாம் சன்னல்ல கேட்கணும்" என்றாள் இந்திராணி. சொல்லிவிட்டு மெஷினைத் துடைத்து உறையில் போட்டாள். அவளுக்கு அது புதிதல்ல, அவள் வீட்டில் ஒரு முதியவர் சாகக் கிடந்தபடி ஆறு வருஷம் இருந்து, விசா மறுத்த கடிதம் வந்த அன்று மத்தியானம் நிம்மதியாகக் கண்ணை மூடியிருக்கிறார்.

மூன்றரை மாதம் என்றால் வாந்தி இன்னும் நிற்காத மாதம். தவமலர் விடிந்ததும் எழும்பி, பின்வாசல் குழாயடியில் குந்தியிருந்து, வயிற்றில் ஒன்றும் மிச்சமில்லாதவரை வாந்தி எடுத்தாள். அடுத்த நாளும் எடுத்தாள், அடுத்த வருஷமும் எடுத்தாள், எத்தனை தைப்பொங்கல் போயிற்றோ அத்தனை வருஷமும் ஆறேகாலுக்கு எடுத்தாள். அந்த வரிசை வீடுகளில் கடிகாரம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அவள் இருமத் தொடங்கினால் பிள்ளைகளை எழுப்பினார்கள், கொப்பளிக்கும் சத்தம் கேட்டால் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்யாணம் கட்டி, தங்கள் பிள்ளைகளையும் அதே சத்தத்துக்கு எழுப்பினார்கள். தெருவில் எந்தப் பெண்ணுக்குக் கர்ப்பம் தரித்தாலும் புளிப்பான மாங்காயில் ஒரு பங்கு தவமலருக்கு வந்தது, அந்தப் பெண்கள் பெற்று எழும்பிப் பாலூட்டி அடுத்ததையும் பெற்றார்கள், மாங்காய் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வளைகாப்பு எப்போது செய்வது என்று கோயில் குருக்களைக் கேட்டபோது அவர் பஞ்சாங்கத்தை மூடிவைத்துவிட்டு, ஏழாம் மாதம் வரட்டும் அம்மா, செய்வோம் என்றார். அவருக்குப் பிறகு வந்த குருக்களும் அதையே சொன்னார்.

இந்தச் செய்தி மெல்ல மெல்ல நகரத்தின் பெரிய வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. முகத்தில் கோடு விழத் தொடங்கிய சீமாட்டிகள் தலைமயிருக்குச் சாயம் பூசி, நல்ல உடுப்பு உடுத்து, அந்த வருஷத்தில் தாங்கள் எப்படி இருக்க விரும்பினார்களோ அப்படி வந்து மூன்றாம் சன்னலில் கடதாசி கொடுத்தார்கள். அவர்களுக்குப் பத்து நாளில் விசா வந்துவிட்டது. அந்தக் குளிர்தேசத்தில் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை, பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்தபடி முகம் வாடிப் படியிறங்கிப் போனார்கள், வரிசையில் நின்றவர்கள் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

ஞானசேகரம் மூன்று தடவை வந்தான். முதல் தடவை முன்நெற்றியில் கொஞ்சம் மயிர் கொட்டியிருந்தது, இரவல் கமெரா கொண்டுவந்து அவளைப் பக்கவாட்டில் நிற்கவைத்துப் படம் எடுத்தான். இரண்டாம் தடவை நாற்பத்துமூன்று வயது, மீன் தொழிற்சாலைக் குளிர் விரல் மூட்டுகளில் ஏறியிருந்தது, அவளுடைய வயிற்றில் கையை வைத்தபோது விரல்கள் முழுதாக விரியவில்லை. மூன்றாம் தடவை அவனுக்கு ஐம்பத்தொன்று. இருவரும் தெருமுனை ஒட்டுக்கடையில் தேத்தண்ணீர் குடிக்கப் போனபோது கடைக்காரர், மகளுக்கு ரொட்டி வேணுமா ஐயா என்று கேட்டார். ஞானசேகரம் வேண்டாம் என்று சொன்னான். வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தான், அன்று இரவு தரையில் பாய் போட்டுப் படுத்தான்.

"கட்டிலிலை படுங்கோ" என்றாள் தவமலர்.

"இல்லை, இடுப்புக்கு இதுதான் நல்லது" என்றான்.

அவள் இருட்டில் கிடந்து அவனுடைய மூச்சைக் கேட்டாள். அது அவளுக்குத் தெரிந்த மூச்சாக இல்லை, பெரியப்பா ஒருவர் வீட்டுக்கு வந்து தங்கியிருப்பதுபோல இருந்தது, அப்படி நினைத்ததற்காக அவள் வெட்கப்பட்டாள். அவன் போன அடுத்த வருஷம் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. கிழமைக்கு மூன்று நாள் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கவேண்டும், இனிமேல் விமானப் பயணம் கூடாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டதாகத் தொலைபேசியில் சொன்னான். அதற்குப் பிறகு சந்திப்பதானால் அவள்தான் போகவேண்டும்.

இருபத்திரண்டாவது வருஷத்தில் தூதரகத்திலிருந்து கடிதம் வந்தது. நேர்முகம் என்று போட்டிருந்தது. செந்தூல் தெருவே திரண்டு வந்து அவளை வழியனுப்பியது, பணி ஓய்வு பெற்று முழங்கால் வலியோடு இருந்த இந்திராணி மிஸ்ஸி தன்னுடைய நல்ல சேலையை அவளுக்குக் கட்டிவிட்டாள்.

விசாரித்த அதிகாரிக்கு இருபத்தாறு வயதிருக்கும், தவமலர் கடதாசி கொடுத்த வருஷம் நேர்சரிக்குப் போயிருக்கக்கூடிய பெண். மரியாதையாகத்தான் பேசினாள். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்து அவள் சொன்னதைத் தமிழில் சொன்னார்.

"உங்கள் கணவருக்கு வயது ஐம்பத்தைந்து. உங்களைப் பார்த்தால் அவருக்கு மகள் மாதிரி இருக்கிறீர்கள். இது உண்மையான திருமணம் என்று அவர்கள் எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள்."

"கலியாணம் கட்டேக்கை அவருக்கு முப்பத்துமூண்டு. பதிவு அதிலை இருக்கு."

அதிகாரி பதிவைப் பார்த்தாள். பிறகு புதிதாக எடுத்துவந்த படத்தையும் ஃபைலில் இருந்த பழைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. நீங்கள் பழைய படத்தையே திரும்பக் கொடுத்திருக்கிறீர்கள் என்கிறார்கள்."

"அது முந்தாநாள் எடுத்தது."

"அப்புறம், நீங்கள் கர்ப்பமாக இருக்கிறீர்கள். கணவர் கடைசியாக வந்தது நாலு வருஷத்துக்கு முன்னால். தகப்பன் யார் என்று கேட்கிறார்கள்."

தவமலர் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பிள்ளையோடைதான் நான் ஃபைல் குடுத்தனான். நீங்கள் வைச்சிருக்கிற பிள்ளைதான் இது" என்றாள்.

அவர் அதை எப்படிச் சொன்னாரோ, அந்தப் பெண் எழுதிக்கொண்டாள், நீண்ட நேரம் எழுதினாள். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அந்த மத்தியானமே தவமலரின் உடம்பில் நாள் நடக்கத் தொடங்கியிருக்கும். அவளுடைய மஞ்சள் துண்டை வாங்கிக் கிழித்துவிட்டு, ஒரு புதிய மஞ்சள் துண்டில் 'மேலதிகப் பரிசீலனையில்' என்று குத்திக் கொடுத்தாள்.

பஸ்ஸில் வரும்போது தவமலர் அழவில்லை. இப்படியே போனால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள், அவர் செத்துப்போவார், மிஸ்ஸி செத்துப்போவாள், இந்தத் தெருவில் இன்று பிறந்த பிள்ளைகள் கிழவராகிச் செத்துப்போவார்கள், நான் ஆறேகாலுக்கு எழும்பிக் குழாயடியில் குந்தியிருப்பேன். அன்று பின்னேரம் புருஷனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நான் ஃபைலைத் திருப்பி எடுக்கப்போறன்."

"விசர்க்கதை கதையாதையும். இருபத்திரண்டு வருஷம் பொறுத்தனாங்கள்."

"பொறுத்தது நீங்களும் நானும். பிள்ளை என்ன பாவம் செய்தது?"

"திருப்பி எடுத்தால் நீர் ஊருக்குப் போகவேண்டி வரும். என்னாலை அங்கை வர ஏலாது. நான் பிள்ளையைக் காணமாட்டன், தவம்."

"எடுக்காட்டி காண ஒரு பிள்ளையே இராது."

அந்தப் பக்கம் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவன் ஆஸ்பத்திரிக் கதிரையில் இருந்திருக்கிறான். "இன்னும் ஒரு வருஷம் பார்ப்பம்" என்றான். "எனக்காக. ஒரு வருஷம்."

அவள் தொலைபேசியை வைத்தாள். திங்கட்கிழமை தனியாகத் தூதரகத்துக்குப் போனாள். மூன்றாம் சன்னலில் இருந்தவர் அவளுடைய கடதாசியை முதலில் வாங்கிய அதே மனிதர், இப்போது தடித்த கண்ணாடி போட்டு, ஓய்வுக்கு இரண்டு மாதம் இருந்தார். திருப்பி எடுக்கும் படிவம் கேட்டபோது அவருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, இதுவரை ஒருவரும் கேட்டதில்லை என்றார். கீழ்த்தட்டில் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். காரணம் என்று போட்டிருந்த இடத்தில் அவள் 'பிள்ளை பெற' என்று தமிழில் எழுதினாள். அவர் அதை வாசிக்கத் தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு முத்திரை குத்தினார்.

அடுத்த நாள் காலையில் அவளுக்கு வாந்தி வரவில்லை. தெருவில் பதினேழு பிள்ளைகள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். இந்திராணி வீட்டு அறைக்காரர்கள் விஷயம் தெரிந்ததும் அவளோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், அவள் தேத்தண்ணீர் போட்ட கேத்தலை அவர்கள் கழுவிவிட்டுத்தான் எடுத்தார்கள், வயது போவது தொற்றும் நோயோ என்று அவர்களுக்குப் பயமிருந்தது. சபாநாதன் ஒருவர்தான் கன்னத்தைப் பொத்தியபடி அறை வாசலுக்கு வந்தார்.

"நோகுதோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"என்னது அண்ணை?"

"நாள் திரும்ப ஓடேக்கை."

"இல்லை. பசிக்குது" என்றாள்.

அவர் அதை யோசித்துக்கொண்டு நின்றார், பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அவர் தன் ஃபைலை எடுக்கவில்லை.

மஞ்சள் துண்டு இல்லாமல் அந்த நாட்டில் இருக்க முடியாது. இந்திராணி விமான நிலையம்வரை சக்கர நாற்காலியில் வந்தாள். "என்னைவிட பதினோரு வயசு சின்னவளா வந்தே" என்றாள். "இப்ப என் மக வயசில போறே. நல்லா சாப்பிடு. படியில பார்த்து இறங்கு."

கரவெட்டியில் வாசலுக்கு வந்து கூட்டிப்போனது தங்கச்சி யோகமலர். தவமலர் புறப்பட்டபோது அவளுக்கு இருபத்துநாலு, இப்போது நாற்பத்தாறு, இரண்டு பிள்ளைகளைச் சண்டையில் இழந்தவள், மருமகளோடு இருந்தாள். சனங்கள் வந்து பார்த்தார்கள், சிறிது நேரம் யாரை அக்கா என்பது யாரைத் தங்கச்சி என்பது என்று தடுமாறினார்கள், ஒரு மாதத்துக்குள் பழகிக்கொண்டார்கள். யோகமலர் மட்டும் பழகவில்லை. பிள்ளை முதல்முதலாக வயிற்றில் அசைந்த அன்று தவமலர் அவளுடைய கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தபோது, கையை இழுத்துக்கொண்டு, "இஞ்சை நாங்கள் செத்துப் பிழைச்ச வருஷமெல்லாம் நீ அங்கை அப்பிடியே இருந்திருக்கிறாய்" என்றாள். பின்னேரம் யோகமலரே வந்து பக்கத்தில் இருந்து, கையை வைக்கலாமா என்று கேட்டாள்.

மார்கழியில் பெண்பிள்ளை பிறந்தது. ஆதிரை என்று பெயர் வைத்தார்கள். ஞானசேகரம் மனைவியோடு ஆறு மாதமாகக் கதைத்திருக்கவில்லை. தொலைபேசியில் பிள்ளையின் அழுகையை வைத்துக் காட்டினார்கள். அழுகை ஓய்ந்தபிறகும் அவன் தொலைபேசியை வைக்கவில்லை, பிறகு, "இன்னொருக்கால் அழப்பண்ணும்" என்றான்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்தான், மெஷினில் இருக்கும் நாளில் மூன்று மணித்தியாலமும் திரையில் பிள்ளையைப் பார்த்தபடி இருந்தான். அவளுக்கு ஒரு வயது முடிந்ததும் கேட்டான். கொழும்பிலேயே இப்போது தூதரகத்தின் கந்தோர் திறந்திருக்கிறார்களாம், பிள்ளைக்கு மட்டும் ஃபைல் போடலாமாம், தகப்பன் நோயாளி என்றால் கெதியாகப் பார்ப்பார்களாம்.

தவமலர் முற்றத்தைப் பார்த்தாள். ஆதிரை கதிரைக் காலைப் பிடித்து எழும்பி, கையை விட்டு, ஒரு அடி வைத்து விழுந்தாள், அழாமல் திரும்ப எழும்பினாள்.

"இல்லை" என்றாள்.

"நான் தகப்பன்."

"ஓம். நீங்கள்தான் தகப்பன். ஆனால் பிள்ளை இப்பதான் நடக்கத் தொடங்கியிருக்கு. அந்தச் சன்னலிலை குடுத்தால் விழுந்தபடியே நிண்டுபோகும்."

அவன் அவளைத் திட்டினான். அந்த நாட்டு மொழியிலும் தமிழிலும் திட்டினான், தன்னுடைய வாழ்க்கையைத் தின்றவள் என்றான், பிறகு அழுதான். அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கு எடுத்து, பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டான். ஒவ்வொரு வருஷமும் ஒருமுறை கேட்டான், ஒவ்வொரு வருஷமும் அவள் இல்லை என்றாள், ஒவ்வொரு முறையும் இல்லை என்ற சொல் முன்னைவிடப் பாரமாக வந்தது. ஆதிரைக்கு ஏழு வயது நடக்கும்போது ஒரு புதன்கிழமை அவன் மெஷினில் இருந்தபடியே இறந்துபோனான்.

அவனுடைய ஒன்றுவிட்ட தம்பி அங்கிருந்து எடுத்தான். "அண்ணி, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போங்கோ. சாவீட்டுக்கெண்டால் வேறை சன்னலாம், மூண்டு நாளிலை விசா குடுப்பினமாம். நாங்கள் பெட்டியை வைச்சிருக்கிறம்."

சாவுக்கென்று அவர்களிடம் தனியாக ஒரு சன்னல் இருந்திருக்கிறது. தவமலர் தொலைபேசியைக் காதில் வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்று நாள் மூன்று நாளாகவே இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று உறுதி சொல்லக்கூடிய ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

"எரியுங்கோ தம்பி" என்றாள். "நாங்கள் இஞ்சை இருந்து பாக்கிறம்."

வெள்ளிக்கிழமை யோகமலர் தொலைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்தாள். திரையில் பனி பெய்துகொண்டிருந்தது, கறுப்புக் கோட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், பெட்டிக்குள் வெளுத்த தலையோடு ஒரு முதியவர் கிடந்தார். ஆதிரை, அப்பாவுக்கு ஏன் கண் மூடியிருக்கு என்று கேட்டாள். யோகமலர் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தவமலர் பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். தை மாதம் தைத்தது, சித்திரைக்குள் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது, திங்கட்கிழமைக்கு வேண்டும். திரையில் கதவு திறந்து பெட்டி உள்ளே போயிற்று. கண்ணீர் தையல்மேல் விழுந்துகொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்காமல் விளிம்பின் நூலைப் பல்லால் கடித்துப் பிரித்து, உள்ளே மடிந்திருந்த துணியை இரண்டு அங்குலம் கீழே இறக்கினாள்.